வாய் திறந்து கேட்க வேண்டிய மௌனம்

அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் சட்டம் பேச ஆரம்பித்தால் இரண்டு நம்பிக்கைகள் தவறாமல் காதில் விழும். ஒன்று, "உரிமையை வாசிக்காம போலீஸ் கைது பண்ணினா கேஸே நிக்காது." இன்னொன்று, "வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தா போதும், ஐந்தாவது திருத்தம் பார்த்துக்கும்." முதலாவது தவறு என்று எடுத்துச் சொன்னால் பலரும் ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டாவது தவறு என்றால் நம்ப மறுக்கிறார்கள். பேசாமல் இருக்க உரிமை உண்டு என்றால், பேசாமல் இருப்பதே அந்த உரிமையைப் பயன்படுத்துவதுதானே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2010-லிருந்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லும் பதில் வேறு. சும்மா இருந்தால் உரிமையைக் கோரியதாகாது. "நான் பேச விரும்பவில்லை" என்று வாய் திறந்து சொன்னால்தான் கோரியதாகும். அந்தத் தீர்ப்பு தவறானது என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் இன்றைக்கு அதுதான் சட்டம். அதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே அறையில், ஒரே நாற்காலியில், ஒரே அதிகாரிக்கு முன்னால் கிடைக்கும் பாதுகாப்பு வேறு வேறாக இருக்கிறது. என்னால் சமாதானமாக முடியாத விஷயம் அதுதான்.

இந்த உரிமை சட்டத்தில் எங்கே இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த நபரையும் குற்ற வழக்கில் தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தின் ஒரு பகுதி. 1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த முதல் பத்துத் திருத்தங்களில் அது ஒன்று. அந்தப் பத்தும் ஆரம்பத்தில் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தின. மாநிலங்களுக்குப் பொருந்தாது என்று 1833-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868-ல் வந்த பதினான்காவது திருத்தத்தின் வழியாகத்தான் அவை ஒவ்வொன்றாக மாநிலங்களையும் கட்டுப்படுத்தத் தொடங்கின. மௌன உரிமையின் முறை வந்தது 1964-ல். இது முக்கியம், ஏனென்றால் அமெரிக்காவில் ஒருவரைக் கைது செய்வது பெரும்பாலும் நகரப் போலீஸோ கவுண்டி ஷெரிஃபோதான், மத்திய அரசின் எஃப்.பி.ஐ. அல்ல. இன்னொன்று: திருத்தத்தில் இருப்பது 'நபர்', 'குடிமகன்' அல்ல. எச்-1பி விசாவில் இருப்பவர், மாணவர், விசா காலாவதியானவர் என எல்லோரும் அதற்குள் அடக்கம். குடியுரிமை இல்லாதவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 1896-லேயே, ஒரு சீனத் தொழிலாளி தொடர்பான வழக்கில், நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

மிராண்டா எங்கே வரும், எங்கே வராது

1963 மார்ச்சில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் எர்னெஸ்டோ மிராண்டாவைக் கைது செய்து, இரண்டு மணி நேரம் விசாரித்து, கையெழுத்திட்ட வாக்குமூலம் வாங்கினார்கள். பேசாமல் இருக்கலாம், வக்கீல் கேட்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. 1966 ஜூன் 13 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்த வாக்குமூலத்தைச் செல்லாது என்றது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய அந்தத் தீர்ப்பிலிருந்துதான் 'மிராண்டா எச்சரிக்கை' என்று எல்லோருக்கும் தெரிந்த நான்கு வாசகங்கள் வந்தன: பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, பேசுவது எதுவும் உனக்கு எதிராகப் பயன்படும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லையென்றால் அரசு வைத்துத் தரும். பலரும் மறந்துவிடும் மிச்சக் கதை ஒன்று உண்டு. மிராண்டா விடுதலையாகவில்லை. 1967-ல் அந்த வாக்குமூலம் இல்லாமலேயே மறுவிசாரணை நடந்து, மீண்டும் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார்.

"கேஸே நிக்காது" என்ற நம்பிக்கைக்கு இந்த ஒரு கதை போதும். வாசகங்களைச் சொல்லாவிட்டால் விழுவது வழக்கு அல்ல, அந்த விசாரணையில் நீங்கள் சொன்ன பேச்சு மட்டும்தான். அதுவும் முழுதாக விழாது. நீங்களே பின்னால் கூண்டேறி வேறு மாதிரி சொன்னால், உங்கள் பேச்சு நம்பத்தக்கதல்ல என்று காட்ட அதே வாக்குமூலத்தை எடுத்து நீட்டலாம் என்று 1971-ல் தீர்ப்பு வந்தது. நீங்கள் மிரட்டலின்றி சொன்னதை வைத்துப் போலீஸ் போய் எடுத்த துப்பாக்கி சாட்சியாக நிற்கும் என்று 2004-ல் ஒரு தீர்ப்பு. வாசகங்களைச் சொல்லாத அதிகாரிமேல் அந்தக் காரணத்துக்காக மத்திய சிவில் உரிமைச் சட்டத்தின்கீழ் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று 2022-ல் இன்னொன்று, 6-3.

அந்த வாசகங்கள் தேவைப்படுவதும் இரண்டு நிலைமைகள் சேரும்போது மட்டும்தான். ஒருவர் காவலில் இருக்க வேண்டும். அவரிடம் விசாரணை நடக்க வேண்டும். கைதுசெய்து காரில் ஏற்றி, ஒன்றும் கேட்காமல் கூட்டிப்போனால் வாசிக்க வேண்டியதில்லை. சாலையோரம் வண்டியை நிறுத்திக் கேள்வி கேட்பது 'காவல்' ஆகாது என்று 1984-ல் சொல்லிவிட்டார்கள். "எதுக்காக நிறுத்தினேன்னு தெரியுமா?" என்று அதிகாரி கேட்க, "கொஞ்சம் வேகமா வந்துட்டேன் போல" என்று நாம் சொல்லும் பதில் அப்படியே ஒப்புதல் வாக்குமூலம். எந்த எச்சரிக்கையும் தேவையில்லை. அதேபோல, "ஸ்டேஷனுக்கு வந்து கொஞ்சம் பேசிட்டுப் போங்களேன்" என்று போனில் கூப்பிட்டு, நீங்களாகப் போய், கதவு பூட்டாத அறையில் உட்கார்ந்து பேசினால் அதுவும் காவல் அல்ல, 1977 தீர்ப்பு. அனுபவமுள்ள புலனாய்வாளர் முதலில் சொல்வதே "நீங்க கைதாகலை, எப்ப வேணும்னாலும் கிளம்பலாம்" என்பதுதான். மரியாதைக்காகச் சொல்லும் பேச்சு அல்ல அது. மிராண்டாவைத் தள்ளிவைக்கும் பேச்சு.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. இந்தியாவில் போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25-ஆவது பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 23-ஆவது பிரிவு. இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் அதே விதி உண்டு. அதனால் "ஸ்டேஷன்ல என்ன சொன்னா என்ன, கோர்ட்டுல பார்த்துக்கலாம்" என்ற எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு தடை இல்லை. போலீஸிடம் சொன்னதுதான் அங்கே அரசுத் தரப்பின் முதுகெலும்பு. பல இடங்களில் வீடியோவாகவே பதிவாகி, ஜூரி முன்னால் ஓடும்.

அந்த இரண்டே முக்கால் மணி நேரம்

ஆரம்பத்தில் சொன்ன 2010 தீர்ப்பின் வழக்கு இது. 2000 ஜனவரியில் மிச்சிகனின் சவுத்ஃபீல்டில் ஒரு கடைத்தொகுதிக்கு வெளியே துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் இறந்தார். சந்தேக நபரான தாம்ப்கின்ஸ் சுமார் ஓராண்டு கழித்து ஒஹையோவில் பிடிபட்டார். பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் இரண்டு அதிகாரிகள் விசாரணையைத் தொடங்கினார்கள். எட்டடிக்குப் பத்தடி அறை. பள்ளிக்கூடத்து மேசையோடு சேர்ந்த நாற்காலி மாதிரி ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். உரிமைகள் அச்சடித்த தாளைக் கொடுத்து, ஆங்கிலம் படிக்கத் தெரிகிறதா என்று பார்க்க ஐந்தாவது வாசகத்தை மட்டும் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். விசாரணைக்கு முன்போ நடுவிலோ எந்த நேரத்திலும் மௌன உரிமையைப் பயன்படுத்த நீ முடிவெடுக்கலாம் என்பது அந்த வாசகம். படித்தார். மற்ற நான்கையும் அதிகாரி வாசித்தார். புரிந்தது என்று கையெழுத்துப் போடச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய முழு மௌனம். பேசமாட்டேன் என்று சொல்லவில்லை, வக்கீல் வேண்டும் என்று கேட்கவில்லை, பேசவும் இல்லை. எப்போதாவது "ம்", "இல்லை", "தெரியாது". பெப்பர்மின்ட் வேண்டாம் என்றார். நாற்காலி கடினமாக இருக்கிறது என்றார். இரண்டே முக்கால் மணி நேரம் போனது. அப்போது அதிகாரி பேச்சை மாற்றினார். கடவுளை நம்புகிறாயா? கண்ணில் நீர் கோத்தது, ஆமாம் என்றார். பிரார்த்தனை செய்வாயா? ஆமாம். அந்தப் பையனைச் சுட்டதற்குக் கடவுளிடம் மன்னிப்பு கேட்கிறாயா? "ஆமாம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுதித் தரச் சொன்னபோது மறுத்தார். அந்தக் கடைசி "ஆமாம்" ஜூரியிடம் போனது. பரோல் இல்லாத ஆயுள் தண்டனை.

மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் வாயைத் திறக்காத மனிதன் உரிமையை விட்டுக்கொடுத்தான் என்று எப்படிச் சொல்வது என்பது அதன் கேள்வி. 2010 ஜூன் 1 அன்று உச்ச நீதிமன்றம் 5-4-ல் அதைப் புரட்டிப் போட்டது. பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி கென்னடியின் வாதம் இரண்டு படிகள் கொண்டது. முதல் படி: மௌன உரிமையைத் தெளிவாக, ஐயத்துக்கு இடமின்றிக் கோர வேண்டும், பேச விரும்பவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விசாரணை அங்கேயே நின்றிருக்கும், அவர் சொல்லவில்லை. இரண்டாம் படி: எச்சரிக்கையைக் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகு, மிரட்டல் இல்லாமல் ஒரு பதில் சொன்னால், அந்தப் பதிலே உரிமையை விட்டுக்கொடுத்ததாகும். அதாவது மௌனத்துக்குத் தெளிவு வேண்டும், விட்டுக்கொடுப்பதற்குத் தெளிவு வேண்டாம். பேசாமல் இருக்க விரும்புபவர் இனிமேல் அதற்காகப் பேச வேண்டியிருக்கிறது என்று நீதிபதி சோட்டோமயோர் தன் மாறுபட்ட தீர்ப்பில் சுட்டிக்காட்டினார்.

1966 தீர்ப்பைப் படித்தவர்களுக்கு இந்தத் திருப்பத்தின் அளவு புரியும். உரிமையை விட்டுக்கொடுத்ததை நிரூபிக்கும் பாரம் அரசின் தலையில்தான், அதுவும் கனமான பாரம், என்று வாரன் எழுதியிருந்தார். எச்சரித்த பிறகு ஒருவர் மௌனமாக இருந்தார், கடைசியில் ஒரு வாக்குமூலம் கிடைத்தது, அதனால் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஊகிக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. 2010-ல் நடந்தது அந்த ஊகம்தான். ஒரு போலீஸ்காரர் "பேச விருப்பமா, இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்" என்று கேட்டுவிட்டால் தீரும் குழப்பம் இது. அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்கும் கடமையைப் பயிற்சி பெற்ற அதிகாரியின்மேல் வைக்காமல், பயந்துபோய் உட்கார்ந்திருப்பவன்மேல் சொல்லும் கடமையை வைத்தது நியாயமே இல்லை.

மூன்று வருடம் கழித்து இன்னொரு படி இறங்கினார்கள். 1992-ல் ஹூஸ்டனில் நடந்த இரட்டைக் கொலையில் சந்தேகப்பட்ட ஒருவர், கைதாகாமல், தானாக ஸ்டேஷனுக்குப் போய் ஒரு மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். சம்பவ இடத்தில் கிடைத்த தோட்டாக் கூடுகள் உன் துப்பாக்கியோடு பொருந்துமா என்று கேட்டபோது மட்டும் பேசவில்லை. தரையைப் பார்த்தார், காலை அசைத்தார், உதட்டைக் கடித்தார். வழக்கில் அரசு வக்கீல் அந்த மௌனத்தையே ஜூரியிடம் காட்டினார்: குற்றமற்றவன் என்றால் "நான் இல்லை" என்று சொல்லியிருப்பானே! 2013-ல் சாலினாஸ் என்ற அவரது வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4-ல் அதை அனுமதித்தது. ஐந்தாவது திருத்தத்தைப் பயன்படுத்துகிறேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லாததால், அந்த மௌனத்துக்கு அதன் பாதுகாப்பு இல்லை என்பது மூன்று நீதிபதிகளின் காரணம். மற்ற இருவர் வேறு காரணம் சொல்லி அதே முடிவுக்கு வந்தார்கள். எச்சரிக்கை வாசித்த பிறகு காக்கும் மௌனத்தை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற 1976 விதி இன்னும் இருக்கிறது. நீதிமன்றத்தில் கூண்டேறாததைச் சுட்டிக்காட்டக் கூடாது என்ற 1965 விதியும் இருக்கிறது. ஓட்டை இருப்பது கைதுக்கு முன்னால், எச்சரிக்கைக்கு முன்னால். நம்மில் பெரும்பாலோர் போலீஸோடு பேசுவது அந்தக் கட்டத்தில்தான்.

என்ன சொல்ல வேண்டும்

சொல்ல வேண்டியது இரண்டு வாக்கியம். ஆங்கிலத்திலேயே சொல்வது நல்லது: "ஐ ஆம் யூஸிங் மை ரைட் டு ரிமெய்ன் சைலன்ட். ஐ வான்ட் எ லாயர்." முதல் வாக்கியம் மௌனத்துக்கு, இரண்டாவது வக்கீலுக்கு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டின் பலமும் ஒன்றல்ல. மௌனத்தை மட்டும் கோரினால் விசாரணை நிற்கும். ஆனால் இடைவெளி விட்டு, மறுபடி எச்சரிக்கை வாசித்து, அதிகாரிகள் திரும்ப முயற்சி செய்யலாம். வக்கீலைக் கேட்டுவிட்டால், வக்கீல் பக்கத்தில் இல்லாமல் போலீஸாகக் கேள்வியைத் தொடங்கவே கூடாது என்று 1981 தீர்ப்பு சொல்கிறது. 2010-ல் வந்த இன்னொரு தீர்ப்பின்படி, விசாரணைக் காவலிலிருந்து விடுபட்டுப் பதினான்கு நாள் ஆகிவிட்டால் அந்தத் தடை முடிந்துவிடும். திரும்பப் பிடித்தால் திரும்பக் கேட்க வேண்டும்.

நாம் சறுக்கும் இடம் இதில் ஒன்று உண்டு. பெரியவர்களிடமும் அதிகாரிகளிடமும் நேரடியாக "வேணும்", "முடியாது" என்று சொல்லாமல் வளர்ந்தவர்கள் நாம். "ஒரு வக்கீலைப் பார்த்தா நல்லதோன்னு தோணுது" என்பது நம் வழக்கில் தெளிவான கோரிக்கை. அமெரிக்கக் கோர்ட்டில் அது கோரிக்கையே அல்ல. சார்ல்ஸ்டன் கடற்படைத் தளத்தில் முப்பது டாலர் பந்தயத் தகராறில் நடந்த ஒரு கொலையை விசாரித்தபோது, சந்தேக நபரான கடற்படை வீரர் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு "நான் ஒருவேளை வக்கீலிடம் பேச வேண்டுமோ" என்றார். 1994-ல் உச்ச நீதிமன்றம் அது தெளிவான கோரிக்கை இல்லை என்றது. தெளிவில்லாதபோது விளக்கம் கேட்க வேண்டிய கடமைகூடப் போலீஸுக்கு இல்லை, விசாரணையைத் தொடரலாம் என்றது. அதனால் "மே பி", "ஐ திங்க்", "இஃப் பாஸிபிள்", "ஷுட் ஐ" எதுவும் வேண்டாம். "எனக்கு வக்கீல் வேண்டுமா?" என்று அந்த அதிகாரியிடமே யோசனை கேட்கவும் வேண்டாம். குரலை உயர்த்தத் தேவையில்லை, பணிவாகச் சொல்லலாம். வாக்கியம் மட்டும் முழுசாக இருக்க வேண்டும்.

சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதிலும் தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. வக்கீல் கேட்டால் அரை மணியில் ஒருவர் பெட்டியோடு வந்து நிற்பார் என்று நினைக்கிறார்கள். அப்படி வராது. கேள்விகள் நிற்கும், அவ்வளவுதான். உங்களைக் கொண்டுபோய் லாக்கப்பில் வைப்பார்கள், மணிக்கணக்காக. பலர் உடைவது இங்கேதான். தனிமை தாங்காமல் "சரி, நடந்ததைச் சொல்லிடறேன்" என்று தாங்களாகக் கூப்பிடுவார்கள். நீங்களாகப் பேச்சைத் தொடங்கினால் 1981 தீர்ப்பின் கவசம் விலகிவிடும். வாரண்ட் இல்லாமல் கைதானவர்களின் கைதுக்குப் போதிய முகாந்திரம் உண்டா என்பதைப் பொதுவாக நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஒரு நீதிபதி பார்த்தாக வேண்டும் என்பது 1991 தீர்ப்பு. அந்தப் பொழுதைத் தாண்டுவதுதான் வேலை. ஜெயில் போன் பதிவாகும். அம்மாவிடம் தமிழில் பேசினாலும் பதிவாகும், மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார்கள். போனில் சொல்ல வேண்டியது எங்கே இருக்கிறேன், வக்கீல் ஏற்பாடு செய், இவ்வளவுதான். சம்பவத்தைப் பற்றி ஒரு வரி கூடாது.

குடும்பத்தார் வெளியிலிருந்து வக்கீலை அமர்த்திவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. 1977-ல் ரோட் ஐலண்டில் ஒருவர் கைதானபோது அவர் சகோதரி அவருக்கு வக்கீல் ஏற்பாடு செய்தார். அந்த வக்கீல் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். இன்று இரவு விசாரணை இல்லை என்று பதில் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் விசாரணை தொடங்கி, வாக்குமூலமும் வாங்கிவிட்டார்கள். உள்ளே இருந்தவருக்கு வக்கீல் கூப்பிட்ட விஷயமே தெரியாது. 1986-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குமூலம் செல்லும் என்றது. உரிமை உள்ளே இருப்பவருடையது. அவர் வாயாலேயே கேட்க வேண்டும். மத்திய அரசியல் சட்டம் கொடுப்பது குறைந்தபட்ச அளவு மட்டும்தான். மாநிலங்கள் தங்கள் சொந்த அரசியல் சட்டத்தின்கீழ் இதைவிட அதிகம் கொடுக்கலாம், சில கொடுத்தும் இருக்கின்றன. ஆனால் நள்ளிரவில் எந்த மாநிலத்தின் விதி என்ன என்று யாரும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மௌனம் என்றால் எல்லாவற்றுக்கும் மௌனம் அல்ல. வண்டி ஓட்டுபவர் லைசென்ஸ், பதிவுச் சான்று, இன்ஷூரன்ஸ் காட்டியே ஆக வேண்டும். நியாயமான சந்தேகத்தில் நிறுத்தியவரிடம் பெயர் கேட்கும் சட்டம் பல மாநிலங்களில் உண்டு. அது செல்லும் என்று 2004-ல் தீர்ப்பு இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் தங்கள் பதிவு ஆவணத்தை, கிரீன் கார்டோ, நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94-ஓ, எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். கைதுக்குப் பின் பெயர், முகவரி, பிறந்த தேதி கேட்பது மிராண்டாவுக்குள் வராது. இவை தாண்டியதற்கு மௌனம். பொய் மட்டும் கூடவே கூடாது: மத்திய அதிகாரியிடம், அவருடைய விசாரணைக்கு முக்கியமான விஷயத்தில், தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. சத்தியப் பிரமாணம் எதுவும் எடுத்திருக்கத் தேவையில்லை. அதிகாரி பொய் சொல்லலாமா என்றால், சொல்லலாம். கூட்டாளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்று பொய் சொல்லி வாங்கிய வாக்குமூலத்தை 1969-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

"தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?"

எதிர்வாதமாக எப்போதும் வருவது இந்தக் கேள்வி. பதில் 1989-ல் நியூயார்க்கில் இருக்கிறது. சென்ட்ரல் பார்க்கில் நடந்த பாலியல் வன்கொடுமைக்காக, பதினான்கிலிருந்து பதினாறு வயது வரையிலான ஐந்து சிறுவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். மணிக்கணக்கான விசாரணைக்குப் பின் அவர்களில் நான்கு பேரின் ஒப்புதல் வீடியோவில் பதிவானது. டி.என்.ஏ. அவர்களில் யாருடையதும் அல்ல. 2002-ல் வேறொருவர் ஒப்புக்கொண்டு, டி.என்.ஏ.வும் அவரோடு பொருந்திய பிறகுதான் தீர்ப்புகள் ரத்தாயின. ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நம்பியதாகப் பின்னாளில் அவர்கள் சொன்னார்கள். குற்றமற்றவருக்கும் ஐந்தாவது திருத்தம் உண்டு, அவரைக் காப்பது அதன் அடிப்படை வேலைகளில் ஒன்று என்ற கருத்தை உச்ச நீதிமன்றமே 2001-ல் மறுபடி உறுதிசெய்திருக்கிறது.

"கோர்ட்டில் நிரூபித்துக்கொள்ளலாம்" என்பதும் நடைமுறைக்கு வெகு தூரம். மத்திய அளவில் 97 சதவீதத் தண்டனைகளும் மாநில அளவில் 94 சதவீதத் தண்டனைகளும் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரத்திலிருந்து வருகின்றன என்று 2012-ல் நீதிமன்றமே எழுதியது. ஜூரி பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கேட்கும் வழக்கு அபூர்வம். அந்த பேரத்தில் யார் கை ஓங்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் முதல் நாள் விசாரணை அறையில் என்ன பேசினீர்கள் என்பதுதான்.

வக்கீல் விஷயத்தில் ஒரு எல்லையைச் சொல்லியாக வேண்டும். புளோரிடாவில் ஒரு பூல் விளையாட்டுக் கடையை உடைத்துச் சில்லறையும் சில பாட்டில்களும் எடுத்ததாகத் தண்டனை பெற்ற கிடியன், சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனு 1963-ல் இலவச வக்கீல் உரிமையைத் தந்தது. மறுவிசாரணையில் வக்கீலோடு நின்று விடுதலையும் ஆனார். ஆனால் அந்த உரிமை குற்ற வழக்குக்கு மட்டும். நாடுகடத்தல் சிவில் நடவடிக்கை என்பதால் குடிவரவு நீதிமன்றத்தில் சொந்தச் செலவில்தான் வக்கீல். அங்கே உங்கள் மௌனத்தை வைத்து உங்களுக்கு எதிராக ஊகிக்கவும் முடியும். அதனால் விசாவில் இருப்பவர் குற்ற வழக்கில் சிக்கினால், வக்கீலிடம் முதலில் சொல்ல வேண்டியது தன் விசா நிலை. ஒப்புதல் பேரம் நாடுகடத்தலில் முடியுமா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010-ல் தீர்ப்பு இருக்கிறது. நீங்கள் குடிமகன் இல்லை என்பதே தெரியாத பப்ளிக் டிஃபெண்டர், அதாவது அரசு வைத்துத் தரும் வக்கீல், அதை எப்படிச் சொல்வார்? சிறுகுற்றம்தானே, அபராதத்தோடு முடியும் என்று தலையாட்டிவிட்டு, கிரீன் கார்டு புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வது இப்படித்தான். கைதான வெளிநாட்டவர் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கவும் வியன்னா உடன்படிக்கையின்கீழ் உரிமை உண்டு.

இந்தச் சட்டம் எல்லோரையும்விடப் பிள்ளைகள்மேல் கடுமையாக விழுகிறது. பெரியவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பதினாறு வயதுப் பையனிடம் பள்ளியில் வைத்து அதிகாரி கேள்வி கேட்கும்போது பெற்றோரைக் கூப்பிட வேண்டும் என்று மத்திய அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. காவலில் இருந்தானா என்று தீர்மானிக்கும்போது வயதையும் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் 2011-ல் கிடைத்தது. கலிஃபோர்னியா ஒரு படி மேலே போய், பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள எவரும் காவல் விசாரணையில் உரிமையை விட்டுக்கொடுக்கும் முன் வக்கீலிடம் பேசியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. அந்தப் பேச்சை வேண்டாம் என்று பிள்ளையே சொல்லவும் முடியாது. சிறுவர்களிடம் பொய் சொல்லி விசாரிக்கக் கூடாது என்று இல்லினாயும் ஆரிகனும் 2021-ல் சட்டம் கொண்டுவந்தன. மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் பிள்ளைக்குக் கார் சாவி கொடுக்கும் முன் அந்த இரண்டு ஆங்கில வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்ல வைத்துப் பழக்க வேண்டும். கூடவே இன்னொன்றையும் சேர்க்கலாம்: "அப்பா அம்மா வேண்டும்" என்று கேட்பது வக்கீல் கேட்டதாக ஆகாது, 1979-லேயே தன் நன்னடத்தை அதிகாரியைக் கேட்ட பதினாறு வயதுப் பையனின் வழக்கில் அப்படித்தான் ஆனது. 'லாயர்' என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும்.